நிலாக்காட்டுக்குப் போகும் உடுப்பு

எங்கள் ஊர் கொன்னமரத்துப்பாளையத்தில், பாவாயிக்கும் அவள் தங்கை அமராவதிக்கும் பொதுவில் இருந்த இரண்டரை ஏக்கர் சோளக்காடு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு நிலாவாக மாறியது. இடி இடிக்கவில்லை, பூமி அதிரவில்லை, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகூடத் தலையைத் தூக்கவில்லை. அறுத்துப் போட்டிருந்த சோளத்தட்டும், கிணறும், மோட்டார் அறையும், பக்கத்தில் நின்ற வேம்பும் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பொடியும் சின்னதும் பெரிதுமான குழிகளும் இருந்தன. வரப்புக்கு இந்தப் பக்கம் காற்றும் தட்டான்பூச்சியும் வெயிலும் வழக்கம்போல இருந்தன. அந்தப் பக்கம் பட்டப்பகலில் கறுப்பு வானம் நின்றது, அந்த வானத்தில் நம் பூமியே நீலமும் வெள்ளையுமாக ஒரு எவர்சில்வர் தட்டு அளவுக்குத் தொங்கியது. ஆனால் ஓடிப்போய்ப் பார்த்த யாரும் முதலில் வானத்தைப் பார்க்கவில்லை. காட்டின் நடுவில், மோட்டார் அறை இருந்த இடத்துக்கு முன்னால் கிடந்த கல்லின் மேல், கிளிப்பச்சைச் சேலையில் அமராவதி உட்கார்ந்திருந்தாள். கூப்பிடு தூரம்தான். ஊரே சேர்ந்து கூப்பிட்டது. காற்றில்லாத இடத்துக்குள் ஒரு எழுத்துகூடப் போகவில்லை.

அவளை இழுத்து வரப் பாய்ந்த இருவரில் ஒருவனுக்கு மூன்றாவது எட்டில் மூச்சு நின்றது. இன்னொருவன் கயிற்றைப் போட்டு அவனை இழுத்தான். அப்படி இழுபட்டுப் பிழைத்தவன் கை ஒரு வாரம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் வரப்பைத் தாண்டவில்லை.

பாவாயி வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. உள்ளாடைக் கம்பெனியில் பவர் மிஷினில் உட்காரும் தையல்காரி அவள், அங்கேயே தைக்கும் எங்கள் வரிசைக்கு மேஸ்திரி. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மூன்றாம் மாதமே திரும்பி வந்தவள். தாய் செத்தபோது அவளுக்குப் பதினாறு, அமராவதிக்கு ஆறு. தலை பின்னிவிட்டு, ஜன்னி கண்டபோது மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருந்து, அமராவதியை வளர்த்ததெல்லாம் அவள்தான். அந்த அமராவதி இருபத்துநாலு வயதில் போர்வெல் வண்டி மெக்கானிக்கான சூசையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சாதியும் வேறு, சாமியும் வேறு. அன்றிலிருந்து பதினொரு வருஷம் அக்கா தங்கையிடம் பேசவில்லை. அதனால் அன்று காட்டுக்கு அமராவதி எதற்கு வந்தாள் என்று யாருக்கும் புரியவில்லை. பாவாயியும் சொல்லவில்லை. வரப்பில் நின்று பார்த்தவள் அழவுமில்லை. கம்பெனி கத்தரிக்கோல் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

முதல் மாதம் பயந்தோம். இரண்டாம் மாதம் பழகினோம். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டு, நிலா என்று எழுத அடங்கல் பதிவேட்டில் கட்டம் இல்லாததால் தரிசு என்று எழுதிக்கொண்டு போனார். அந்தக் காட்டுக்குள் பதினான்கு நாள் பகல், பதினான்கு நாள் இரவு என்பதைக் கண்டுகொண்டோம். பகலில் வரப்புக்கு அந்தப் பக்கம் நீட்டிய இரும்புக் கம்பி கையைச் சுட்டது, இரவில் அதே கம்பி கரும்பு மாதிரி ஒடிந்தது. எறிகிற தேங்காய் ஆறு மடங்கு தூரம் பறந்து, அவசரமே இல்லாமல் இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஆடிப்பெருக்கன்று தேங்காய் எறியும் போட்டி வைத்தோம். பஸ் கண்டக்டர் "நிலாக்காடு, நிலாக்காடு எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார். விஞ்ஞானிகள் இரண்டு வேனில் வந்து நாற்பது நாள் கூடாரம் போட்டு அளந்தார்கள். உள்ளே போக அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம் என்றார்கள். அனுமதி வரவில்லை, வேன்தான் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அமராவதி அப்படியே இருந்தாள். அழுகவில்லை, சாயவில்லை. கிளிப்பச்சைச் சேலை மட்டும் அந்த வெயிலில் மாதாமாதம் வெளுத்து, வருஷம் திரும்புவதற்குள் வெள்ளைச் சேலையாகிவிட்டது. வெள்ளைச் சேலையில் ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருந்தால் எங்களுக்குக் கை தானாகக் குவியும். அந்த வருஷம் மழையும் தப்பவில்லை, கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டரும் தப்பவில்லை. யாரோ முள்வேலியில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினார்கள். மறுவாரம் நூறு துணி ஆடியது. ஊர்த்தலைவர் நல்லசாமி ஒரு சூலத்தை நட்டார். உட்கார்ந்த அம்மன் என்று பெயரும் வந்துவிட்டது. பாவாயி தினமும் வேலை முடிந்து தெற்கு வரப்பில் வந்து நிற்பாள். அவளுக்கும் சிலர் விபூதி நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை.

சூசை ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்து வடக்கு வரப்பில் உட்காருவான். பொழுது சாயும்வரை இருந்துவிட்டு இருமிக்கொண்டே போவான். போர்வெல் துளைக்கும்போது பறக்கிற கல்தூசியைப் பதினைந்து வருஷம் தின்ற நெஞ்சு அது. வடக்கு வரப்பில் அவன், தெற்கு வரப்பில் அவள், நடுவில் அமராவதி. ஒரு வருஷமும் நாலு மாதமும் இப்படியே போனது.

ஒரு ஞாயிறு மதியம் அவன் வடக்கு வரப்பிலிருந்து எழுந்து, காட்டைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் வந்தான். கையில் ஒரு தடித்த கவர். அந்த விஞ்ஞானிகளில் ஒருவர் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பியவர் பெயர் எழுதவில்லை. உள்ளே நிலாவில் நடக்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் உடுப்பின் படங்கள், அடுக்கு அடுக்காகப் பிரித்துப் போட்டது, முப்பது பக்கம்.

"அக்கா," என்றான். "உங்களுக்குத் தையல் தெரியும். எனக்குக் காத்து தெரியும்."

பாவாயி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கவரை வாங்கிப் பிரித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வெட்டுப்படம் எந்தப் பாஷையில் இருந்தாலும் வெட்டுப்படம்தான். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள். "இது உள்பாடி தைக்கற மாதிரிதான். பாரத்தத் துணி தாங்கக் கூடாது, பட்டை தாங்கோணும்" என்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வேலை அப்படித் தொடங்கியது. மதியச் சோற்று நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எங்கள் வரிசைப் பெண்கள் ஏழு பேர் பாவாயி வீட்டு முற்றத்தில் கூடினோம். உடலோடு ஒட்டுவது பனியன் துணி. அதன் மேல் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் குழாயை மார்பிலும் முதுகிலும் தொடையிலும் ஆற்று வளைவு போல வளைத்துத் தைத்தோம். உள்ளே ஓடுகிற தண்ணீர்தான் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் மூடிய உடுப்புக்குள் மனுஷி தன் சூட்டிலேயே வெந்துபோவாள். அதற்கு மேல் காற்றைப் பிடித்துவைக்கும் ரப்பர்த் துணி. அதற்கு மேல், ரப்பர் பலூனாக ஊதிவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் நைலான், பட்டைகளோடு. அதற்கு மேல் சிப்ஸ் பாக்கெட்டின் உட்பக்கம் மாதிரி பளபளக்கும் வெள்ளித்தாள் ஏழு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொசுவலை. அடுக்கும் அடுக்கும் தொட்டுக்கொண்டால் சூடு தாண்டிவிடும் என்பதற்காக. எல்லாவற்றுக்கும் மேலே, வெல்டிங் பட்டறையில் தீப்பொறிக்கு மறைவு கட்டுகிற கண்ணாடி நூல் துணி. அதைத் தைத்தபோது எங்கள் விரல்களெல்லாம் அரித்துத் தடித்தன.

ஊசி எண்ணித்தான் கொடுப்பாள் பாவாயி, எண்ணித்தான் வாங்குவாள். ஒரு நாள் ஒரு குண்டூசி குறைந்தது. ஒரு ஊசித் துளை போதும், உயிர் போக. ஏழு அடுக்கையும் பிரித்துத் தேடினோம். பொழுது இறங்கும் நேரத்தில் ருக்மணியின் முந்தானையில் அது கிடைத்தது. ருக்மணி அழுதாள். பாவாயி அவளைத் திட்டவில்லை, பிரித்ததை மறுபடி தைக்க உட்கார்ந்தாள்.

சூசை முதலில் நீள ஹோஸ்தான் போடலாம் என்றான். கம்ப்ரசரை வரப்பில் நிறுத்தி, குழாய் வழியாகக் காற்று. உள்ளே விட்ட ஹோஸ் நிழல் விழுந்த இடத்தில் விறகாக விறைத்து வெடித்தது. அதனால் முதுகில் சுமக்கும் பெட்டி செய்தான். அதில் ஆக்சிஜன் சிலிண்டர், தண்ணீரைச் சுற்ற வைக்கும் சின்ன பம்ப், விட்ட மூச்சின் நஞ்சை உறிஞ்ச ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிறவர்கள் வைத்திருக்கும் சுண்ணாம்பு உருண்டைகள். கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் லேத்தில் கடைந்த வளையம், வளையத்துக்குள் பேரிங். முழங்கைக்கும் முழங்காலுக்கும் மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்தி போல.

வைக்கோல் திணித்து உள்ளே தள்ளிய முதல் உடுப்பு ஊதிப் பெருத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சோளக்கொல்லை பொம்மை மாதிரி நின்றது. ஒரு விரலைக்கூட மடக்க முடியாது.

"நம்ம காத்த முழுசா அடைச்சா இப்படித்தான் இருக்கும்க்கா," என்றான் சூசை. "மூணுல ஒரு பங்கு அழுத்தம் போதும், சுத்த ஆக்சிஜனா இருந்தா. ஆனா போறதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் அதையே சுவாசிச்சுட்டு உக்காந்திருக்கணும். இல்லேன்னா ரத்தத்துல இருக்கற மத்த காத்து, சோடா பாட்டிலத் தொறந்த மாதிரி பொங்கிரும்."

இரண்டாம் உடுப்பின் அக்குளில் தையல் விட்டு, வெண்பனி புகையாகப் பீறிட்டது, சத்தமே இல்லாமல். மூன்றாம் உடுப்பின் நெஞ்சுக்குள் ஒரு கோழியைக் கட்டி அனுப்பினோம். அரைமணி கழித்து இழுத்தபோது கோழி உயிரோடு கொத்தியது. அந்தக் கோழி இட்ட முட்டையைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். அன்றிலிருந்துதான் ஊர் இந்த வேலையை வேடிக்கையாகப் பார்ப்பதை விட்டது. விட்டதும் பயந்தது.

நல்லசாமி ஊர்க்கூட்டம் போட்டார். "பாவாயி, உன்ற பாசம் எங்களுக்குப் புரியுது. ஆனா உக்காந்த அம்மன எழுப்பினா ஊரு என்னாகும்? மூணு போகமா மழை தப்பல. போயிக் கும்புட்டுட்டு வா, வேண்டாங்கல. தூக்கிட்டு வரப்படாது."

பாவாயி எழுந்து நின்றாள். கூட்டத்தில் சூசையும் ஓரமாக நின்றிருந்தான்.

"அவ அம்மன் இல்லீங்," என்றாள். "அன்னைக்கு எட்டு மணிக்கு எனக்கு போன் பண்ணுனா. 'அக்கா, ஊட்டுக்கு வந்தா நீ கதவச் சாத்திருவ, அதனால காட்டுல உக்காந்திருக்கறேன், வா'ன்னா. 'இரு, வர்றேன்'னேன். கம்பெனியில பர்மிசன் கேட்டா உடனே குடுத்திருப்பாங்க. நான் கேக்கல. காக்கட்டும்னு மிசின்லயே உக்காந்திருந்தேன். மூணு மணி நேரம். அம்மனுங்கறீங்களே, அவ என்னையத்தான் பாத்து உக்காந்திருந்தா."

சூசை இருமத் தொடங்கினான், இருமல் நிற்கவில்லை. இருமிக்கொண்டே கூட்டத்தை விட்டு வெளியேறினான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வடக்கு வரப்பில் புல் முளைத்தது. முடியாத உடுப்பு பாவாயி வீட்டு உத்தரத்தில் தலையில்லாமல் தொங்கியது. அவள் அதன் கீழே பாயைப் போட்டு, எங்களோடு பேசாமல் கையுறைகளைத் தைத்தாள். எல்லாவற்றிலும் கடினம் கையுறைதான். காற்றடைத்த விரலை மடக்குவது, பம்ப் அடித்த சைக்கிள் ட்யூபை மடக்குகிற மாதிரி. பத்து விரலுக்கு எட்டு மாதிரிகள் தைத்துக் கிழித்தாள்.

ஆறாவது ஞாயிறு சூசை வந்தான். வாசலில் நின்றபடியே, துணியில் சுற்றிய மணிக்கட்டு வளையங்களை நீட்டினான்.

"கோவம் தீரலக்கா," என்றான். "தீராது. ஆனா கையுற வேல பாதில நிக்குது."

பாவாயி வாங்கிக்கொண்டாள். அவன் போகவில்லை. "அவ எதுக்கு வந்தான்னு தெரியுமா?" என்றான். "ரவிக்கைத் துணி எடுத்து வெச்சிருந்தா. 'எங்கக்கா தச்சாத்தான் எனக்குத் தோள் சரியா உக்காரும், அந்தச் சாக்குல போய்ப் பாத்துட்டு வர்றேன்'னா. அவசரத்துல துணிய வீட்டுலயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டா."

அன்று பாவாயி கையுறை தைக்கவில்லை.

யார் போவது என்ற பேச்சு எழவேயில்லை. சூசையின் நெஞ்சு அந்தக் காற்றுக்குத் தாங்காது, அது அவனுக்கும் தெரியும். பாவாயி முதல் நாளே தன் அளவுக்குத்தான் வெட்டியிருந்தாள். தலைக்கூட்டின் கண்ணாடிக்கு, சூரியன் கண்ணைச் சுடாமலிருக்க, பார்த்தால் தெரியாத அளவு மெல்லிய தங்கப் பூச்சு வேண்டும் என்று அந்தப் பக்கங்களில் இருந்தது. ருக்மணி தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். பொற்கொல்லர் அதைத் தட்டித் தட்டி, மூச்சுப் பட்டாலே பறக்கிற தாளாக்கினார்.

அமராவதி உட்கார்ந்து இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆனபோது, அந்தக் காட்டின் பதினான்கு நாள் பகலில் முதல் நாளைத் தேர்ந்துகொண்டோம். வெயில் சாய்வாக விழும், தரை இன்னும் கொதித்திருக்காது. நம் பக்கத்திலும் அப்போது காலை பத்து மணி. ஊர் முழுவதும் வரப்பில் நின்றது. மூன்று மணி நேரம் ஆக்சிஜன் முகமூடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாவாயிக்கு, அந்த முகமூடி ஒரு நொடிகூட விலகாதபடி பார்த்துக்கொண்டு, நாங்கள் ஒவ்வொரு அடுக்காக மாட்டினோம். ஜிப்புகளைப் பூட்டினோம். கடைசியாகக் கண்ணாடியைக் கவிழ்த்து வளையத்தைத் திருகியதும், அவள் எங்களைவிட்டுத் தனியாகிவிட்டாள். நல்லசாமி குங்குமத் தட்டோடு நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இடுப்பில் கயிறு, கயிற்றின் நுனி சூசையின் கையில். ஒரு இழுப்பு என்றால் எல்லாம் சரி. இரண்டு என்றால் பாதிக் காற்று தீர்ந்தது. மூன்று என்றால் திரும்பு. மொத்தம் இரண்டு மணி நேரக் காற்று.

நம் மண்ணில் அந்த உடுப்பு ஒரு மூட்டை சிமெண்ட் கனம். நான்கு பேர் தாங்கித்தான் வரப்புவரை நடத்தினோம். வரப்பைத் தாண்டி முதல் கால் வைத்ததும் கனமெல்லாம் போய்விட்டது. அவள் மைனா தத்துகிற மாதிரி தத்தினாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் எங்களுக்குப் பல நாள் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். உள்ளே தன் மூச்சுச் சத்தமும் முதுகில் பம்ப் ஓடுகிற சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கால் பட்ட இடமெல்லாம் மாவில் அச்சு குத்தியது போலப் பதிந்தது. ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். கறுப்பு வானத்தில் பூமி தொங்கியது. அதற்குள்தான் எங்கள் ஊரும் கம்பெனியும், தான் எழுந்து வராத அந்த மிஷினும் எல்லாம் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டாள்.

கல்லை நெருங்கும்போது அமராவதியின் காலடிகளைப் பார்த்தாள். காற்றில்லாத இடத்தில் காலடி அழிவதில்லை. காற்று போன பிறகு மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு எண்ணிக்கைதான் நினைவிருக்கும் என்று அந்தப் பக்கங்களில் எழுதியிருந்ததைச் சூசை படித்துச் சொல்லியிருந்தான். அந்தப் பன்னிரண்டு எண்ணிக்கையில் அமராவதி எழுந்திருக்கிறாள். ஐந்து எட்டு தாவியிருக்கிறாள், தெற்குப் பக்கமாக, பாவாயி வரவேண்டிய வழியை நோக்கி. அங்கே நின்று பார்த்துவிட்டு, அதே ஐந்து எட்டில் திரும்பி வந்து கல்லின் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வடக்குப் பக்கம் ஒரு அடிகூட இல்லை. இரு என்று சொல்லியிருந்தாள் அக்கா. இருந்துவிட்டாள்.

முகம் சுருங்கி உலர்ந்திருந்தது. ஆனால் அவள்தான். இடது புருவத்தில் ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்புகூட இருந்தது. பாவாயி கையை நீட்டி முந்தானையைத் தொட்டாள். தொட்ட இடம் அப்பளம் போல நொறுங்கிப் பொடியாகக் கீழே இறங்கியது. அவ்வளவு மெதுவாக இறங்கியது. அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது, தூக்கினால் கையில் எதுவும் மிஞ்சாது என்று. பதினைந்து மாதத் தையல், வளையம், தங்கம், கோழி, எல்லாம் தன்னைக் கொண்டுபோகத்தான் ஆயின, தங்கையைக் கொண்டுவர ஆகாது.

கல்லில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தாள். தலைக்கூடும் தலைக்கூடும் தொட்டுக்கொண்டால் காற்றில்லாத இடத்திலும் பேச்சு கடக்கும் என்று சூசை சொல்லியிருந்தான். அமராவதியின் நெற்றியைத் தொட அவளுக்குத் துணிவில்லை. குனிந்து, தன் கண்ணாடியை அந்தக் கல்லின் மேல் பதித்துக்கொண்டாள். கல் வழியாகவாவது போகட்டும் என்று.

"அம்மணி," என்றாள். "வந்துட்டேன். முதல் மணி நேரம் கோவத்துல வரல. ரெண்டாவது மணி நேரம் வீம்புல வரல. மூணாவது மணி நேரம், இவ்வளவு நேரம் காக்க வெச்சுட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றதுன்னு வெக்கத்துல வரல. மூணாவது மணி நேரத்துக்குத்தான் எனக்கு மன்னிப்பே இல்ல."

கயிறு இரண்டு முறை இழுபட்டது. அவள் அசையவில்லை. தங்கை காத்த நேரம் மூன்று மணி. உடுப்பு தரும் நேரமோ இரண்டே மணி. அதையும் நடந்தது போகக் கணக்குப் பார்த்தால் ஒன்றே முக்கால். சரிக்குச் சரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூட இந்த உடுப்பில் காற்றில்லை. அதைவிட, இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கயிறு மூன்று முறை இழுபட்டது. மறுபடி மூன்று முறை. அவள் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

வரப்பில் நின்ற எங்களுக்கு அவள் எழமாட்டாள் என்று தெரிந்தது. சூசைக்கு முதலில் தெரிந்தது. கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, உடுப்பும் இல்லாமல், மூச்சைப் பிடித்தால் நெஞ்சு வெடிக்கும் என்பதால் அதை முழுக்க வெளியே விட்டுவிட்டு, அவன் வரப்பைத் தாண்டி இறங்கினான். நாலு எட்டு தாவினான். ஐந்தாவதில் குப்புற விழுந்தான்.

பாவாயி அதைப் பார்த்தாள். தங்கப் பூச்சுக் கண்ணாடி வழியாக, தன் தங்கையின் புருஷன் வாய் திறந்தபடி அந்தப் பொடியில் விழுவதைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் எழுந்தது, தாவியது, ஓடியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அவள் வருவதற்குள், அம்மனை எழுப்பக் கூடாது என்று கூட்டம் போட்ட நல்லசாமி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடிக்காதே விடு விடு என்று தனக்கே கத்திக்கொண்டு உள்ளே குதித்து, சூசையின் காலைப் பற்றி இழுத்தார். நாங்கள் அவர் இடுப்பைப் பற்றி இழுத்தோம். பின்னாலேயே பாவாயி வரப்பில் வந்து விழுந்தாள், ஒரு மூட்டை சிமெண்டாக.

கழுத்து வளையம் திறக்கவில்லை. கண்ணாடித் தூளைவிடக் கூரான அந்தப் பொடி பேரிங்குக்குள் புகுந்திருந்தது. ஸ்பேனரால் அடித்துத் திறந்தோம். தீபாவளி மறுநாள் தெருவில் வருகிற வெடிமருந்து வாடை குப்பென்று வந்தது. ஜிப்புகளின் பற்கள் தேய்ந்துபோயிருந்தன, முழங்கால் துணி அறுந்து வெள்ளித்தாள் தெரிந்தது. இன்னும் கால் மணி நேரம் இருந்திருந்தால் ரப்பரும் அறுந்திருக்கும். இரண்டாம் முறை போக அந்த உடுப்பு ஆகாது என்பது தைத்த எங்களுக்குப் பார்த்ததும் தெரிந்தது.

சூசை மூக்கில் ரத்தத்தோடு படுத்திருந்தான். கண் வெள்ளை சிவந்திருந்தது. பேச்சு வந்ததும் முதலில் கேட்டான்: "எப்படியிருக்கா?"

பாவாயி அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொன்னாள். ஐந்து எட்டையும் சொன்னாள், திரும்பி வந்த ஐந்து எட்டையும் சொன்னாள். தொட்டதும் நொறுங்கியதைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே கையால் கண்ணை மூடிக்கொண்டான்.

"வலிச்சிருக்குமா?"

"பன்னெண்டு எண்ணறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க. அதுல பாதி நேரம் அவ எழுந்து பாத்துட்டிருந்திருக்கா."

நல்லசாமி வேலிப் பக்கம் திரும்பி, "அம்மனே வரமாட்டேன்னுட்டா, பாத்தீங்களா" என்றார். கூட்டத்தில் குலவை எழுந்தது. நாங்களும் குலவையிட்டோம். அதை இப்போது நினைத்தால் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. மறுக்கப் பாவாயியிடம் மூச்சில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்குச் சூசை சம்மதிக்கவில்லை. மதியம் முகம் கழுவிக்கொண்டு புறப்பட்டான். "இனி வரமாட்டேன்க்கா," என்றான். "இத்தன நாளு யாராச்சும் போய்ப் பாத்துட மாட்டாங்களான்னுதான் வந்தேன். நீங்க பாத்துட்டீங்க." அவள் தலையசைத்தாள். அவன் ஒற்றையடிப் பாதையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். அவள் குளுக்கோஸ் குழாய் தைத்த அந்தப் பனியன் உடுப்போடு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, நாங்கள் கொடுத்த மோரைக் கையில் வைத்தபடி, அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி பஸ் வந்தது. கண்டக்டர் "நிலாக்காடு" என்று கூவினார். அவன் ஏறினான்.

பாவாயி மோர்ச் சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நிலாவில் தத்தி வந்த கால்களுக்கு நம் மண்ணில் அவ்வளவு கனம். இரண்டு இடத்தில் விழுந்தாள். பஸ் நகர்ந்துவிட்டது. அதன் பின்தகரத்தை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே கூட ஓடினாள். விசில் அடித்தது, பஸ் நின்றது. ஜன்னலில் சூசையின் முகம் தெரிந்தது.

"மாப்ளே," என்றாள். பதினொரு வருஷமும் அதற்கு மேல் இரண்டு வருஷம் ஏழு மாதமும் சொல்லாத சொல். மூச்சு வாங்கியது. "சாப்பிட்டுட்டுப் போங்க, மாப்ளே."

அவன் நெடுநேரம் அவளைப் பார்த்தான். சூசை பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

வீட்டில் காலையில் வைத்த கொள்ளுக் குழம்புதான் இருந்தது. பாய் போட்டு, இலை போட்டு, சோறு வைத்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"உப்புக் கம்மிங்களா?"

"இல்லக்கா. அவ வெக்கற கொழம்பும் இதேதான். பூண்ட நசுக்காம முழுசாவே போடுவா."

பாவாயி கரண்டியைக் கீழே வைத்தாள். அமராவதி குழம்பு வைப்பாள் என்பதே அவளுக்குத் தெரியாது. இந்த வீட்டில் இருந்தவரை அடுப்பங்கரைக்குள் அவளை விட்டதில்லை. என்ன சமைத்தாள், எந்த வீட்டில் இருந்தாள், யாரோடு சிரித்தாள், காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள், எதுவும் தெரியாது. கேட்கவேண்டிய காலத்தில் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். சுவரில் சாய்ந்து, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, மாப்ளே," என்றாள். "முதல்லருந்து சொல்லுங்க."

சூசை வாசல் பக்கம் பார்த்தான். தண்ணீரை எடுத்துக் குடித்தான். இருமல் அடங்கும்வரை காத்திருந்தான்.

"முதல் நாளு எங்க வீட்டுல அடுப்பே இல்லக்கா," என்று ஆரம்பித்தான்.